போலிக் குறியும் பொய்விளம்பரமும்: ஒரு வரலாற்று நோக்கு

கைப்பேசித் திரையிலே ஒரு விளம்பரம் தோன்றுகின்றது. உலகெங்கும் பெயர்பெற்ற பாதணி நிறுவனமொன்றின் இலச்சினை. அந்நிறுவனமே வெளியிட்ட ஒளிப்படங்கள். கிளையொன்று மூடப்படுவதால் 80 வீத விலைக்கழிவு என்னும் அறிவித்தல். சலுகை இன்று நள்ளிரவுடன் முடிவடையும் எனக் காட்டும் கடிகாரம். பணம் செலுத்தியவருக்குப் பாதணி வந்து சேர்வதில்லை. அல்லது பெறுமதியற்ற வேறேதோ ஒரு பொருள் வருகின்றது. சிலவேளை வங்கி அட்டையின் இலக்கங்களும் களவுபோகின்றன. இதனைக் கேள்வியுறுவோர் 'பேராசை பெருநட்டம்' என்னும் பழமொழியைக் கூறி அமைந்துவிடுகின்றனர். ஏமாற்றப்பட்டவரும் வெட்கத்தினால் வாய்திறப்பதில்லை.

அப்பழமொழியுடன் விடயம் முடிந்துவிடுமா என்பதையே இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுகின்றோம். சமூக ஊடகம் புதியது. அதிலே காணப்படும் மோசடி பழையது. பண்டத்தைச் செய்தோனுக்கும் அதனை வாங்குவோனுக்கும் இடையிலான தொலைவு விரிந்த ஒவ்வொரு காலகட்டத்திலும் போலிக் குறி தோன்றியுள்ளது. அவ்வக்காலத்திலே வாங்குவோனின் விழிப்பு அவசியமாக இருந்தது; ஆயினும் அது மட்டும் ஒருபோதும் போதியதாக இருக்கவில்லை. விளம்பரத்தைச் சுமந்து சென்று அதனால் ஊதியம் பெற்ற இடைநிலையாளன் ஓரளவேனும் பொறுப்புக்கூற வைக்கப்பட்ட பின்னரே நிலைமை சீர்படத் தொடங்கியது. இதனை வரலாற்றுச் சான்றுகள் கொண்டு நிறுவி, அச்சான்றுகளின் ஒளியிலே இன்றைய போலி விளம்பரத்தை இனங்காணும் வழிகளையும் நோக்குவோம்.

1. குறியும் தொலைவும்

ஊர்ச் சந்தையிலே பானை வனைந்தவரும் அதனை வாங்குபவரும் ஒருவரையொருவர் அறிவர். பானை ஒழுகினால் அடுத்த சந்தையன்று நேரிற் கேட்கலாம். அங்கே வனைந்தவரின் முகமே குறியாகும். பண்டம் அறியாத ஊர்களுக்குச் செல்லத் தொடங்கும்போது முகத்தின் இடத்தைக் குறி பெறுகின்றது. முகத்தைப் பிரதிசெய்தல் அரிது. குறியைப் பிரதிசெய்தல் எளிது. போலியின் தோற்றுவாய் இங்கேதான் உள்ளது.

கி.பி. முதலாம், இரண்டாம் நூற்றாண்டுகளிலே வட இத்தாலியின் மொடேனாப் பகுதியில் 'போர்ட்டிஸ்' என்னும் பெயர் பொறித்த களிமண் விளக்குகள் செய்யப்பட்டன. அப்பெயர் தாங்கிய விளக்குகள் உரோமப் பேரரசின் பல மாகாணங்களிலே கண்டெடுக்கப்பட்டுள்ளன. அவற்றுட் பல, மூல விளக்கிலிருந்து அச்செடுத்து அவ்வவ்விடங்களிலேயே செய்யப்பட்டவை. அச்செடுத்தபோது விளக்கின் வடிவத்துடன் அதன் பெயரும் சேர்ந்தே பதிந்தது. விளக்கை வாங்கிய எல்லைப்புறப் போர்வீரன் இத்தாலிக்குச் சென்று விசாரிக்கும் நிலையில் இருக்கவில்லை.

2. போத்தலின் கதை

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்திலே அச்சிட்ட பத்திரிகை பெருகியபோது, குறியுடன் விளம்பரமும் இணைந்தது. அக்காலப் பத்திரிகைகளிலே அதிகமாக விளம்பரம் பெற்ற பண்டங்களுள் காப்புரிமை மருந்துகள் முக்கியமானவை. லண்டன் வணிகரான றொபேட் ரேர்லிங்டன் 1744 இல் 'உயிர்த் தைலம்' ஒன்றுக்கு அரச காப்புரிமை பெற்றார். அது விரைவிலே பெயர்பெற்றது. போலிகளும் விரைவிலே தோன்றின. அவருடைய வெறும் போத்தல்களை வாங்கி, வேறு திரவங்களை நிரப்பி, அவருடைய மருந்தென்றே விற்றனர். இதனைத் தடுக்கும்பொருட்டு 1754 இல் அவர் பேரிக்காய் வடிவில், எழுத்துகள் புடைத்து நிற்கும் புதுப் போத்தலொன்றை அறிமுகஞ்செய்தார். நாளடைவில் அப்போத்தலும் பிரதிசெய்யப்பட்டது. அமெரிக்காவிலே கண்ணாடித் தொழிலகங்கள் அதே வடிவத்தை வார்க்கத் தொடங்கின. 1824 இல் பிலடெல்பியா மருந்தாக்கக் கல்லூரி, இத்தகைய பழைய ஆங்கில மருந்துகள் எட்டினுக்குச் செய்முறைகளை வகுத்து வெளியிட்டது. ரேர்லிங்டனின் தைலமும் அவற்றுள் ஒன்று. அதற்கிடையில் அப்பெயர் எவரும் எதனையும் நிரப்பக்கூடிய வெறுங்கலமாகிவிட்டிருந்தது.

இவ்வரலாற்றிலே இரு உண்மைகள் மனங்கொள்ளத்தக்கன. முதலாவது, எந்தக் குறியில் நம்பிக்கை சேமிக்கப்பட்டுள்ளதோ அதுவே களவாடப்படும். பெயரற்ற பண்டத்தை எவரும் போலிசெய்வதில்லை. இரண்டாவது, புதுப் போத்தல் போன்ற புறவடையாளம் எதுவும் நிலையான காப்பாக அமைவதில்லை. போலி செய்வோனும் அதனைக் கற்றுக்கொள்வான். மேலும், உண்மையான தைலத்துக்கே எண்ணற்ற நோய்களைத் தீர்க்குமென விளம்பரஞ் செய்யப்பட்டது என்பதையும் நாம் மறத்தலாகாது. குறி உண்மையானது என்பதனால் அதன்கீழ்க் கூறப்படுவதும் உண்மையாகிவிடாது.

3. சட்டம் யாருக்குக் காவல்?

கைத்தொழிற் புரட்சியின் பின்னர் பண்டங்கள் கடல்கடந்து பெருமளவிற் சென்றபோது, பிரித்தானிய முதலாளி வகுப்பினர் குறியைச் சொத்தாகக் கருதினர். 1862 ஆம் ஆண்டின் பண்டக்குறிச் சட்டம் மோசடி நோக்குடன் பிறர் குறியைப் பொறிப்பதைக் குற்றமாக்கிற்று. 1875 ஆம் ஆண்டின் சட்டம் வர்த்தகக் குறிகளைப் பதிவுசெய்ய வழிவகுத்தது. 1876 ஜனவரி 1 ஆம் திகதி முதலாவதாகப் பதிவான குறி, பேர்ட்டன் நகரின் பாஸ் மதுவடிசாலையினது சிவப்பு முக்கோணமாகும். 1882 இல் பிரெஞ்சு ஓவியர் எதுவார் மனே தீட்டிய பாரிஸ் மதுச்சாலை ஓவியத்திலே அம்முக்கோணம் பொறித்த போத்தல்களைக் காணலாம். ஒரு குறி எவ்வளவு தூரம் பயணஞ்செய்யும் என்பதற்கு அது சான்று.

எனினும் இச்சட்டங்களின் வர்க்கச் சார்பை நாம் கவனித்தல் வேண்டும். அவை முதன்மையாகக் காத்தது குறியின் உடைமையாளனையே. போலி மதுவைக் குடித்துப் பணமும் நலமும் இழந்தவனின் நட்டம் அங்கே இரண்டாம் பட்சமாயிற்று. ஐக்கிய அமெரிக்காவிலும் இதே நிலையைக் காண்கின்றோம். 1914 இல் நிறுவப்பட்ட கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு, நியாயமற்ற போட்டியைத் தடுக்கும் அதிகாரமே பெற்றிருந்தது. பொய்விளம்பரத்தினாற் பிற வணிகர் பாதிக்கப்பட்டமை காட்டப்படல் வேண்டுமென 1931 இல் அந்நாட்டு உயர்நீதிமன்றம் தீர்த்தது. வாங்குவோன் ஏமாற்றப்பட்டமையே தலையிடப் போதிய காரணம் என்னும் நிலை 1938 ஆம் ஆண்டின் வீலர்-லீ சட்டத்தினாலேயே ஏற்பட்டது.

குறியினுள் அடங்கியிருக்கும் நம்பிக்கையை ஆக்கியவர் யார் என்னும் வினாவும் இங்கு எழுகின்றது. இதற்கு நம் நாட்டிலேயே தக்க உதாரணமுண்டு. ஜேம்ஸ் ரெயிலர் 1867 இல் லூல்கந்துரையிலே தேயிலைப் பயிர்ச்செய்கையைத் தொடக்கியதிலிருந்து 'சிலோன் தேயிலை' என்னும் பெயர் உலகச் சந்தையில் ஒரு பெறுமதியை ஈட்டியுள்ளது. இலங்கையில் விளைந்து இலங்கையிலேயே பொதிசெய்யப்பட்ட தூய தேயிலைக்கு மட்டும் வழங்கப்படும் சிங்க இலச்சினை இலங்கைத் தேயிலைச் சபையினது. அந்நற்பெயரின் பின்னால் இருப்பது, மலையகத் தோட்டங்களிலே தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்த, பெரும்பான்மையும் தமிழரான தொழிலாளரின் உழைப்பாகும். ஆகவே குறியைக் களவாடுபவன் நிறுவனத்தின் சொத்தை மட்டும் களவாடுவதில்லை. முகந்தெரியாத உழைப்பாளரின் நற்பெயரையும், வாங்குவோரின் நம்பிக்கையையும் சேர்த்தே களவாடுகின்றான்.

4. சுமந்து சென்றவரின் பொறுப்பு

பொய்விளம்பரத்தின் வரலாற்றிலே மூன்றாமவர் ஒருவரும் உளர். விளம்பரத்தை வெளியிட்டுக் கட்டணம் பெறுபவரே அவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே அமெரிக்கப் பத்திரிகைகளின் வருவாயிற் கணிசமான பகுதி காப்புரிமை மருந்து விளம்பரங்களிலிருந்து கிடைத்தது. அம்மருந்து வணிகர் பத்திரிகைகளுடன் செய்த ஒப்பந்தங்களிலே, மாநிலத்தில் மருந்து விற்பனைக்குப் பாதகமான சட்டம் நிறைவேறினால் ஒப்பந்தம் இரத்தாகும் என்னும் நிபந்தனை சிவப்பு மையில் அச்சிடப்பட்டது. அத்தகைய சட்டங்களை எதிர்ப்பது பத்திரிகைகளுக்கே இலாபமாயிற்று. 1905 இல் 'கொலியர்ஸ்' சஞ்சிகை இதனை அம்பலப்படுத்தியது. அதே ஆண்டில் அதே சஞ்சிகையிலே சாமுவேல் ஹொப்கின்ஸ் அடம்ஸ் எழுதிய கட்டுரைத் தொடர், 1906 ஆம் ஆண்டின் தூய உணவு, மருந்துச் சட்டத்துக்குத் துணைநின்ற சக்திகளுள் ஒன்றாகும். அச்சட்டமும் போத்தலின் சுட்டுத்துண்டையே கட்டுப்படுத்தியது. பத்திரிகை விளம்பரத்தை அது தொடவில்லை.

வேறு வழியும் இருந்தது என்பதற்கு அக்காலமே சான்று பகர்கின்றது. பிலடெல்பியாவிலிருந்து வெளிவந்த 'பார்ம் ஜேர்னல்' என்னும் விவசாயச் சஞ்சிகை, தன்னிடம் விளம்பரஞ் செய்த மோசடிக்காரரால் வாசகருக்கு நேரும் நட்டத்தைத் தானே ஈடுசெய்வதாக 1880 இல் அறிவித்தது. 'லேடீஸ் ஹோம் ஜேர்னல்' 1892 இல் காப்புரிமை மருந்து விளம்பரங்களை ஏற்க மறுத்தது. இவ்விரு சஞ்சிகைகளும் அழிந்துபோகவில்லை, வளர்ந்தன. பொறுப்பேற்றல் வணிகத்துக்கு முடியாத காரியம் என்னும் வாதம் அன்றே பொய்த்தது.

முன்னர்க் குறிப்பிட்ட 1938 ஆம் ஆண்டுச் சட்டத்திலே இன்னொரு நுண்ணிய ஏற்பாடு உண்டு. உணவு, மருந்து முதலியவற்றின் பொய்விளம்பரத்தை வெளியிட்ட பத்திரிகைக்கோ வானொலிக்கோ தண்டனையில்லை. ஆனால் விளம்பரதாரரின் பெயரையும் தபால் முகவரியையும் ஆணைக்குழு கேட்கும்போது கொடுக்க மறுத்தால் அவ்விலக்கு இல்லாதொழியும். விளம்பரத்தைச் சுமப்பவன் ஆகக்குறைந்தது அதனைத் தந்தவன் யாரென்று அறிந்திருத்தல் வேண்டும் என்பதே இதன் பொருளாகும்.

5. சமூக ஊடகம் கொணர்ந்த மாற்றம்

இவ்வாறு அரும்பாடுபட்டு ஈட்டப்பட்ட சிறு பொறுப்பும் கடந்த மூன்று தசாப்தங்களிலே தளர்ந்துள்ளது. 1996 ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டமொன்றின் 230 ஆம் பிரிவு, பிறர் தரும் உள்ளடக்கத்துக்கு இணையச் சேவையாளர் வெளியீட்டாளராகக் கருதப்படமாட்டார் எனக் கூறிற்று. அதன் நிழலிலேயே சமூக ஊடக விளம்பர முறை வளர்ந்தது. இம்முறை பத்திரிகையிலிருந்து மூன்று வகையில் வேறுபடுகின்றது.

ஒன்று, பத்திரிகை விளம்பரத்தை எல்லோரும் கண்டனர். ஆதலால் அறிந்தவர் ஒருவர் பொய்யைச் சுட்டிக்காட்டக்கூடியதாக இருந்தது. சமூக ஊடக விளம்பரமோ தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும் தனித்தனியே காட்டப்படுகின்றது. பாதணி வேண்டுமென்று தேடியவரிடமே போலிப் பாதணி விளம்பரம் வருகின்றது. இரண்டு, முன்னர் விளம்பரஞ் செய்ய அலுவலகத்துக்குச் செல்லவேண்டியிருந்தது; இன்றோ சிறு தொகையுடன், முகங்காட்டாமல், வேற்று நாட்டிலிருந்து எவரும் விளம்பரஞ் செய்யலாம். மூன்று, அகற்றப்பட்ட விளம்பரம் மறுநாள் வேறொரு பெயரில் மீண்டும் தோன்றுகின்றது.

விளைவு சிறியதன்று. 2021 ஜனவரி முதல் 2023 ஜூன் வரை சமூக ஊடகத்திலே தொடங்கிய மோசடிகளினால் 270 கோடி டொலர் இழக்கப்பட்டதாக அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழுவுக்கு முறைப்பாடுகள் கிடைத்தன. 2023 இன் முதல் ஆறு மாதங்களிலே வந்த அத்தகைய முறைப்பாடுகளுள் 44 வீதமானவை பொருள் வாங்கும்போதோ விற்கும்போதோ ஏமாற்றப்பட்டவை பற்றியன. வெட்கத்தினால் முறையிடாதோர் இக்கணக்கில் அடங்கார்.

இடைநிலையாளரின் ஊதியம் பற்றிய வினாவும் மீண்டும் எழுந்துள்ளது. பேஸ்புக், இன்ஸ்ரகிராம் ஆகியவற்றின் உரிமையாளரான மெற்றா நிறுவனத்தின் உள்ளக ஆவணங்களை ஆதாரமாகக் கொண்டு ரொய்ட்டர் செய்தி நிறுவனம் 2025 நவம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. மோசடி விளம்பரங்களினாலும் தடைசெய்யப்பட்ட பொருள்களின் விளம்பரங்களினாலும் 2024 ஆம் ஆண்டு வருவாயில் ஏறத்தாழ 10 வீதம் கிடைக்கும் என அந்நிறுவனமே உள்ளூர மதிப்பிட்டிருந்ததாக அவ்வறிக்கை கூறிற்று. மோசடி என்பது 95 வீதம் உறுதியானால் மட்டுமே விளம்பரதாரர் தடைசெய்யப்பட்டார் என்றும், அதற்குக் குறைந்த ஐயத்துக்குரியோரிடம் கூடிய கட்டணம் அறவிடப்பட்டது என்றும் அதிலே குறிப்பிடப்பட்டது. அம்மதிப்பீடு தோராயமானது, மிகையானது என மெற்றா மறுமொழி கூறியது. மறுமொழியையும் கருத்திற்கொண்டே நோக்கினும், சிவப்பு மை நிபந்தனையின் காலத்து நல முரண்பாடு இங்கே புதிய வடிவிலே தொடர்வதைக் காணலாம்.

6. இனங்காணும் நெறி

அமைப்பு மாறும்வரை தனிமனிதர் தம்மைக் காத்துக்கொள்ளுதல் அவசியம். எழுத்துப் பிழை, மங்கிய படம் ஆகியவற்றைக் கொண்டு போலியை அறியலாமெனச் சில ஆண்டுகளுக்கு முன் அறிவுரை கூறப்பட்டது. செயற்கை நுண்ணறிவு நல்ல தமிழையும் எழுதும், பெயர்பெற்றவரின் முகத்தையும் குரலையும் பிரதிசெய்யும் இக்காலத்திலே அவ்வறிவுரை ரேர்லிங்டனின் போத்தலைப் போன்றதே. பிரதிசெய்யக்கூடிய தோற்றத்தை விடுத்து, பிரதிசெய்தற்கரிய தொடர்புகளை ஆராய்தல் வேண்டும். நான்கு வினாக்களை இங்கு முன்வைக்கின்றோம்.

பேசுபவர் யார்? விளம்பரத்தை இட்ட பக்கத்தின் பெயரைத் தொட்டுச் சென்றால், பேஸ்புக்கிலே அப்பக்கம் தொடங்கப்பட்ட திகதியையும் முன்பு கொண்டிருந்த பெயர்களையும், பல பக்கங்களுக்கு நடத்துவோர் இருக்கும் நாட்டையும் காணலாம். நூறாண்டு பழைமைவாய்ந்த நிறுவனத்தின் பக்கம் சென்ற மாதந் தொடங்கப்பட்டிருந்தால், அல்லது முன்பு வேறொரு பெயரில் இயங்கியிருந்தால், அது போலியென்று கொள்ளலாம். மெற்றா 2019 முதல் திறந்துவைத்துள்ள விளம்பர நூலகத்தில், ஒரு பக்கம் வெளியிடும் ஏனைய விளம்பரங்களையும் எவரும் தேடிப் பார்க்கலாம்.

எங்கே அழைக்கின்றது? இணைய முகவரியிலே நிறுவனத்தின் பெயர் எங்கோ ஓரிடத்தில் இருப்பது போதாது. முதலாவது சாய்கோட்டுக்கு உடன் முன்னே நிற்கும் பெயரே அத்தளத்தின் உரிமையாளரைச் சுட்டுவது. முகவரியருகே தோன்றும் பூட்டுக் குறி, செய்தி இடைவழியில் மறைத்து அனுப்பப்படுகின்றது என்பதையே காட்டும். அனுப்பப்படுபவர் நல்லவர் என்பதைக் காட்டாது. விளம்பரத்தின் இணைப்பைத் தொடாது, நிறுவனத்தின் முகவரியை நாமே தட்டச்சுச் செய்து சென்று, அங்கே அச்சலுகை உளதா எனப் பார்த்தலே சாலச்சிறந்தது.

ஏன் அவசரம்? குறைந்துசெல்லும் கடிகாரம், இன்னும் மூன்றே எஞ்சியுள்ளன என்னும் அறிவித்தல் ஆகியன விசாரிக்கும் நேரத்தைப் பறிப்பதற்கு ஏற்பட்டவை. ஆண்டு நிறைவுப் பரிசு என்று கூறி, இருபது நண்பர்க்கு அனுப்பும்படி கேட்கும் செய்திகளும் இவ்வினத்தனவே. அவை நம் மாமியிடமிருந்தோ மைத்துனரிடமிருந்தோ வருவதனால் உண்மையாகிவிடுவதில்லை. உறவின் நம்பிக்கையே அங்கே களவாடப்பட்ட குறியாகின்றது.

பணம் எங்கே செல்கின்றது? பெயர்பெற்ற நிறுவனத்துக்குரிய பணம் தனியாள் ஒருவரின் கணக்குக்குச் செல்லுமாயின் அங்கேயே நிறுத்துதல் வேண்டும். பரிசைப் பெறுவதற்கு முன்பணங் கேட்டாலும், ஒருதடவைக் கடவுச்சொல்லைக் கேட்டாலும் அவ்வாறே.

ஏமாற்றப்பட்டவர் முதலில் வங்கிக்கு அறிவித்து அட்டையை நிறுத்துதல் வேண்டும். விளம்பரத்தையும் முகவரியையும் பணஞ் செலுத்திய சான்றையும் படமெடுத்து வைத்தல் வேண்டும். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கும், கணினி அவசர நிலைகளைக் கையாளும் தேசிய நிறுவனத்துக்கும், பொலிசுக்கும் முறையிடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, வெட்கப்படாது பிறர்க்குக் கூறுதல் வேண்டும். தனித்தனியே காட்டப்படும் பொய்யைப் பலரறியச் செய்தலே அதன் வலுவைக் குறைக்கும்.

7. முடிவுரை

பிரித்தானியாவின் நுகர்வோர் நலப் பத்திரிகையாளரான மார்ட்டின் லூயிஸ் எவ்விளம்பரத்திலும் தோன்றாதவர். அவருடைய முகத்தைக் களவாடிய போலி விளம்பரங்கள் பேஸ்புக்கிலே பெருகியபோது, 2018 இல் அவர் அந்நிறுவனத்துக்கெதிராக அவதூறு வழக்குத் தொடுத்தார். 2019 இல் வழக்குச் சமரசமாயிற்று. மோசடிக்கெதிரான பணிக்கென அறநிறுவனமொன்றுக்கு 30 இலட்சம் பவுண் பெறுமதியான உதவி வழங்கவும், போலி விளம்பரங்களை முறையிடத் தனி வசதி அமைக்கவும் பேஸ்புக் இணங்கியது. அதன் பின்னர் 2023 ஆம் ஆண்டின் பிரித்தானிய இணையப் பாதுகாப்புச் சட்டம் மோசடி விளம்பரங்களைத் தடுக்கும் கடமையைப் பெரிய தளங்கள்மீது சுமத்திற்று. 2024 இல் தாய்வான் நிறைவேற்றிய மோசடித் தடுப்புச் சட்டம், விளம்பரஞ் செய்பவரும் அதற்குப் பணஞ் செலுத்துபவரும் யாரெனத் தளங்கள் வெளிப்படுத்தல் வேண்டுமென விதித்தது. 1938 ஆம் ஆண்டின் பெயரும் தபால் முகவரியும் என்னும் கோரிக்கையே இங்கு புத்துயிர் பெற்றுள்ளது.

இலங்கையின் 2003 ஆம் ஆண்டுப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் வர்த்தகர் நுகர்வோரை ஏமாற்றுவதைத் தடைசெய்கின்றது. அதே ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டம் குறியின் உடைமையாளரைக் காக்கின்றது. ஆயின் ஏமாற்றியவர் இன்னார் எனத் தெரியாதவிடத்து இவ்விரு சட்டங்களும் யாரைத் தேடிச் செல்லும்? ஆகவே, இந்நாட்டு மக்களுக்குக் காட்டப்படும் ஒவ்வொரு விளம்பரத்துடனும் அதற்குப் பணஞ் செலுத்தியவரின் சரிபார்த்த பெயரும் முகவரியும், தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும், வெளியிடப்படல் வேண்டும் என்பது நுகர்வோர் இயக்கங்களும் தொழிற்சங்கங்களும் பல்கலைக்கழகச் சமூகமும் இணைந்து எழுப்பவேண்டிய கோரிக்கையாகும். அக்கோரிக்கை நிறைவேறும்வரை, ஏமாற்றப்பட்ட ஒருவர் நம்மிடம் வரும்போது பழமொழி கூறி அவரை அனுப்பிவிடாது, விளம்பரம் எங்கிருந்து வந்தது, அதனாற் பணம் பெற்றவர் எவரெவர் எனக் கேட்டறிய முற்படுவோமாக.